அறிக்கையிலிருந்து பிரட்டுக்களம் வரை

இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகே இருக்கும் மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்து மலை ஆபத்தானது என்பது, அது சரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த விஷயம். அங்கே குடியிருப்பது பாதுகாப்பில்லை, மக்களை இடம்மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் தெரிவித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை ஏழரை மணி கடந்த நேரத்தில் மலை இறங்கியது. தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள் மண்ணுக்குள் போயின. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அல்லது காணாமல் போனார்கள். பாடசாலைக்குக் கிளம்பிப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பி வந்தபோது தாய் தகப்பன் இல்லை.

மழையும் மண்ணும் எப்படிச் சேர்ந்து இதைச் செய்தன என்பதற்குப் புவியியல் பதில் வைத்திருக்கிறது. அதற்கு அடுத்த கேள்வி இன்னும் கடினமானது. ஆபத்து தெரிந்திருந்தது, எழுதப்பட்டிருந்தது, அனுப்பப்பட்டும் இருந்தது. அப்படியிருந்தும் அந்தக் காலையில் லயத்துக்குள் மனிதர்கள் ஏன் இருந்தார்கள்?

தொழிலிடப் பாதுகாப்பைப் படிப்பவர்களுக்குத் தேயிலைத் தோட்டம் ஒரு தனிப் பாடம். நகரத்துத் தொழிற்சாலையில் வேலை முடிந்தால் தொழிலாளி வாசலைத் தாண்டி வீட்டுக்குப் போய்விடுவார். தோட்டத்தில் வேலை செய்யும் மலையும் தூங்கும் லயமும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. பிள்ளைக்காம்பராவும் டிஸ்பென்சரியும் குடிநீர்ப் பீலியும் அப்படித்தான். ஆகவே தோட்டத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டிய பாதுகாப்புத் தகவல் எட்டு மணி நேரத்துக்கு உரியதன்று, இருபத்துநான்கு மணி நேரத்துக்கும் உரியது.

மலை ஏன் இறங்குகிறது

மலைநாட்டின் பல சரிவுகளில் பாறைக்கு மேலே கிடப்பது, பழைய காலத்துச் சரிவுகளில் உருண்டுவந்து தங்கிய கல்லும் மண்ணும் கலந்த படிவு. அதன் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதால் உராய்வு உண்டாகிறது, அந்த உராய்வுதான் சரிவைப் பிடித்து வைத்திருக்கிறது. தொடர்ந்து மழை பெய்து துகள்களின் இடுக்குகளில் நீர் நிறையும்போது, மேலிருக்கும் பாரத்தில் ஒரு பங்கை அந்த நீர் தாங்கத் தொடங்குகிறது. துகளுக்கும் துகளுக்கும் இடையிலான அழுத்தம் குறைகிறது, பிடிப்பும் குறைகிறது. நீரை உறிஞ்சிய மண்ணின் எடையோ ஏறிக்கொண்டே போகிறது. கான்கள் அடைபட்டிருந்தால் ஓடிப்போக வேண்டிய நீரும் உள்ளே இறங்குகிறது. கீழே இழுக்கும் விசை பிடித்து வைக்கும் விசையை மிஞ்சும்போது சரிவு நகர்கிறது.

மண்ணுக்குள் இருக்கும் நீரழுத்தத்தை எல்லா மலையிலும் அளக்க முடியாது. பெய்த மழையை அளக்கலாம். அதனால்தான் இலங்கையின் மண்சரிவு எச்சரிக்கை மழையளவில் நிற்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் அடுத்த நிலை எச்சரிக்கை, 150ஐத் தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ வெளியேற வேண்டும்.

பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாதங்களில் இந்த எண்கள் உயிரோடு சம்பந்தப்பட்டவை. ஆனால் பதுளை நகரத்து மழைமானி காட்டும் அளவு, நமுனுகுலை அடிவாரத்திலோ பூனாகலையிலோ அல்துமுல்லைக்கு மேலேயோ பெய்த மழையாக இருக்க வேண்டியதில்லை. மலையில் மழை பள்ளத்துக்குப் பள்ளம் மாறும். மழைமானி காட்டாததை நிலமே காட்டுவதும் உண்டு. தேயிலை வரிசைக்குக் குறுக்கே புதிதாக ஒரு வெடிப்பு ஓடும், நேராக நின்ற மரம் சாயும், இதுவரை இல்லாத இடத்தில் ஊற்றுப் பொங்கும், தெளிந்து வந்த பீலித் தண்ணீர் கலங்கி வரும், நேற்றுவரை மூடிய கதவு இன்று நிலையில் பொருந்தாது. இவற்றை முதலில் பார்க்கிறவர் கொழும்பில் இருக்கும் நிபுணர் அல்லர். கூடையைச் சுமந்துகொண்டு அந்த வரிசைக்குள் நடக்கும் பெண்தான் பார்க்கிறார். அவர் பார்த்தது மேலே போவதற்கு வழி இல்லையென்றால், எச்சரிக்கை அமைப்பின் பாதியே இருக்கிறது என்று பொருள்.

ஒரு செய்தி எங்கெங்கே நிற்கிறது

மண்சரிவு எச்சரிக்கை நிபுணர்களிடமிருந்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும், அங்கிருந்து மாவட்டப் பிரிவுக்கும் பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் போகிறது. தோட்டத்துக்குள் நுழைந்த பிறகு துரை, வெளிக்கள உத்தியோகத்தர், கங்காணி என்று இறங்கி, கடைசியில் கொழுந்து எடுப்பவரிடம் வருகிறது. ஒவ்வொரு கையும் அதை அடுத்த கைக்குக் கொடுத்தவுடன் தன் கடமை முடிந்ததாக எண்ணிவிடலாம். அறிக்கை அனுப்பியதற்குப் பதிவு இருக்கும். தொழிலாளிக்குப் புரிந்ததா என்பதற்குப் பதிவு இருக்காது.

அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் வோகல்ட்டர் எச்சரிக்கையின் பயணத்தைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். செய்தி கவனத்தைப் பிடிக்க வேண்டும், புரிய வேண்டும், கேட்பவரின் நம்பிக்கையோடு பொருந்த வேண்டும், செயல்படும் உந்துதலைத் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் கால் நகரும். எந்தப் படியில் தடைப்பட்டாலும் விளைவு ஒன்றுதான்: ஆள் இருந்த இடத்திலேயே இருப்பார். இதை வெளியே நின்று பார்ப்பவர்கள் அலட்சியம் என்று சொல்லிவிடுகிறார்கள்.

டென்னிஸ் மிலெட்டி, ஜோன் சோரன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1990இல் பல அனர்த்தங்களின் அனுபவத்தைத் தொகுத்து, நல்ல எச்சரிக்கையில் இருக்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தினார்கள். சொல்வது யார், ஆபத்து என்ன, எந்த இடத்துக்கு, எப்போதைக்குள், என்ன செய்ய வேண்டும். இவர்கள் கவனித்த இன்னொன்றும் முக்கியமானது. எச்சரிக்கையைக் கேட்டவுடன் மனிதர்கள் ஓடுவதில்லை. பக்கத்து வீட்டாரைக் கேட்பார்கள், வானத்தைப் பார்ப்பார்கள், நம்பிக்கையான ஒருவரிடம் உறுதிப்படுத்திக்கொள்வார்கள். அந்த உறுதியை விரைவாகக் கொடுப்பது எச்சரிக்கை அமைப்பின் வேலை.

‘பதுளை மாவட்டத்தின் சில பிரதேசங்களுக்கு இரண்டாம் கட்ட மண்சரிவு எச்சரிக்கை’ என்ற வாக்கியத்தில் அந்த ஐந்தில் பாதி இல்லை. அதையே தோட்டத்தில் இப்படிச் சொல்லலாம்: ‘நேற்றுக் காலையிலிருந்து நம் தோட்டத்து மழைமானியில் 110 மில்லிமீற்றர் நிறைந்திருக்கிறது. 150ஐத் தொடும்வரை காத்திருக்க வேண்டாம். மேல்கணக்கு லயத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் இன்று பின்னேரம் நான்கு மணிக்கு முன்னால் பாடசாலைக்குப் போய்விட வேண்டும். வயதானவர்களைக் கூட்டிப்போக லொறி வரும். ராத்திரிச் சாப்பாடு அங்கேயே.’ இதைக் கேட்ட தாய்க்கு அடுத்து என்ன செய்வது என்ற குழப்பம் இருக்காது.

புரியும் மொழியில், அதே நேரத்தில்

1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் இலங்கையின் அரச கரும மொழி. 1999இல் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகவும் பிரகடனம் செய்யப்பட்டன. சட்டம் தெளிவாகவே இருக்கிறது. நடைமுறை அப்படி இல்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. எச்சரிக்கைகள் பல தமிழில் வரவில்லை, வந்தவையும் பிந்தி வந்தன என்ற குற்றச்சாட்டு அப்போது பரவலாக எழுந்தது. மலை எந்த மொழிக்காரரின் வீட்டையும் ஒரே வேகத்தில்தான் புதைக்கிறது. ஒரு மொழியில் இப்போதும் இன்னொரு மொழியில் சில மணி நேரம் கழித்தும் வரும் எச்சரிக்கை, இரண்டாவது மொழிக்காரருக்குத் தப்பும் நேரத்தைக் குறைத்துக் கொடுக்கிறது. இரு மொழியிலும் வார்ப்புகளை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், அனர்த்த நாளில் இடத்தின் பெயரையும் நேரத்தையும் எண்ணையும் நிரப்பினால் போதும். இது செலவு கேட்கும் வேலை இல்லை. முன்னேற்பாடு மட்டுமே கேட்கிறது.

குளவிக்கொட்டு

மண்சரிவு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். குளவிக்கொட்டு அடிக்கடி வரும். கொழுந்து எடுக்கும்போது கொட்டுப்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் செய்தி மலையகப் பத்திரிகைகளில் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. தகவல் ஓர் உயிரைக் காப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

தோட்டத்தில் குளவி என்று சொல்லப்படுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று உண்மையான குளவி, புதரிலும் மரத்திலும் கூடு கட்டும். மற்றது உயர்ந்த மரக்கிளையிலோ பாறை விளிம்பிலோ ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீ. மலைத்தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் தங்கிவிடும். கொடுக்கோடு வரும் சுரப்பிலிருந்து காற்றில் பரவும் வேதிப்பொருள் மற்றத் தேனீக்களுக்கு அழைப்பு. தேனீக்களின் இந்த அபாய அழைப்பில் ஐசோபென்டைல் அசிற்றேற் என்ற பொருள் இருப்பதை 1962இல் கண்டறிந்தார்கள். வாழைப்பழ வாசனை தருவதும் அதுவே. கொட்டுப்பட்ட ஆள் அதே இடத்தில் நின்று கையை வீசினால், ஒன்று நூறாவது இதனால்தான்.

இந்த அறிவிலிருந்து தொழிலாளிக்குத் தேவையானவை சில வாக்கியங்கள்தான். கொட்டினால் நிற்காதே, முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு தூரமாக ஓடு. எட்ட வந்தவுடன் கொடுக்கை உடனே எடுத்துவிடு. நகத்தால் வழித்தாலும் சரி, விரலால் கிள்ளி எடுத்தாலும் சரி. 1996இல் லான்செற் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே விஷத்தின் அளவைத் தீர்மானிக்கிறது என்று காட்டியது. மூச்சு முட்டினாலோ, உதடு வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அது ஒவ்வாமை அதிர்ச்சி, அதற்கு அட்ரினலின் ஊசி வேண்டும். நிறையக் கொட்டுகள் பட்டவர் அந்த நேரத்தில் தெம்பாகத் தெரிந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. தசைகள் சிதைந்து சிறுநீரகம் பழுதாவது பிறகுதான் வெளியே தெரியும்.

இவற்றுக்கும் முன்னால் தெரிய வேண்டிய ஒன்று இருக்கிறது: கூடு எங்கே இருக்கிறது? அநேகமாக அதை யாரோ ஒருவர் ஏற்கெனவே பார்த்திருப்பார். கவ்வாத்து வெட்டியவரோ விறகுக்குப் போனவரோ பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த இரண்டு பேரிடம் சொல்லியிருப்பார். அந்தச் செய்தி, காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கு வந்தால், எத்தனையாம் நம்பர் மலை, எந்த மரம் என்று பலகையில் எழுதப்பட்டால், அந்த மரத்தைச் சுற்றி அடையாளத் துணி கட்டி, அந்தப் பக்கம் நிரை கொடுக்காமல் விட்டால், அந்த நாள் வழக்கமான நாளாக முடியும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். தொழிலாளி கொண்டுவரும் செய்தியை வாங்கி எழுதும் பழக்கம் வேண்டும்.

சீட்டில் இருக்கும் படம்

மருந்தடிக்கும் ஆட்களுக்கு வரும் தகவல் போத்தல் மேல் ஒட்டிய சீட்டில் இருக்கிறது. பீடைநாசினிகளைக் கட்டுப்படுத்த இலங்கை 1980லேயே தனிச் சட்டம் கொண்டுவந்தது. பரகுவாற் போன்ற கொடிய மருந்துகளைப் படிப்படியாக விலக்கியது. உயிரைக் காப்பதில் அந்த விலக்கு எந்தச் சீட்டையும்விடப் பெரிய வேலை செய்தது.

எஞ்சியிருக்கும் மருந்துகளுக்குச் சீட்டு வேண்டும். நச்சுத்தன்மையைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறப்பட்டைகளை உலக அளவில் பயன்படுத்துகிறார்கள். இரசாயனப் பொருள்களின் ஆபத்தைக் காட்ட ஐக்கிய நாடுகள் 2003இல் வெளியிட்ட உலகப் பொது முறையில் ஒன்பது படக்குறிகள் இருக்கின்றன. படம் என்றால் படிக்காதவருக்கும் தானாகப் புரியும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அளந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. பாதுகாப்புக் குறியைச் சோதிப்பதற்குச் சர்வதேச நியமம் இருக்கிறது, பார்த்தவர்களில் 67 சதவீதமாவது சரியாகப் பொருள் சொல்ல வேண்டும். அமெரிக்க நியமம் 85 சதவீதம் கேட்கிறது. தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் அது சேர்த்துச் சொல்கிறது. மண்டையோட்டை எல்லாரும் அறிவார்கள். மார்பில் நட்சத்திரம் வெடித்தது போன்ற குறி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயோ மூச்சுக்கோளாறோ தரக்கூடிய பொருளைக் குறிக்கிறது என்பதை யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. போத்தல் ஸ்டோரிலேயே தங்கிவிடும், மலைக்குப் போவது கலந்த மருந்துதான். அதைச் சுமப்பவர் சீட்டைப் பார்ப்பதே இல்லை. மருந்தடித்த மலைக்குள் எத்தனை மணி நேரம் போகக் கூடாது என்ற தகவல், மறுநாள் அங்கே கொழுந்து எடுக்கப் போகும் பெண்களுக்கு வேண்டும். ஆகவே சீட்டில் இருப்பது மலையின் வாசலுக்கு வர வேண்டும்: இன்ன நாள் அடித்தது, இன்ன நாள்வரை உள்ளே போகாதீர்கள் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பலகை. 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலைத் தொழிற்சாலையின் உருளைகளையும் பட்டைகளையும் பார்க்கிறது. மலையில் நடக்கும் வேலை அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலை செய்வது மலையில்தான்.

பேர் விழுமா?

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் ஒரே கணத்தில் தோற்கடிக்கக்கூடிய ஒன்று தோட்டத்தில் இருக்கிறது. நிர்ணயித்த கிலோ நிறுவையில் வராவிட்டால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழாது, அரைப்பேர்தான். கருமேகம் திரள்வதைப் பார்த்து மலையைவிட்டு இறங்குவது, கூட்டைப் பார்த்து நிரையை விட்டு விலகுவது, வெடிப்பைச் சொல்ல அலுவலகத்துக்கு நடப்பது, எல்லாமே அன்றைய கொழுந்தில் குறையும். மாதக் கடைசியில் கடைக் கடனை அடைக்க வேண்டிய தாய் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில் பிழை இல்லை. அவர் அறியாமையால் நிற்கவில்லை, கணக்குத் தெரிந்ததால் நிற்கிறார்.

வோகல்ட்டர் சொன்ன உந்துதல் என்ற படி இதுதான். கட்டுப்பட்டு நடப்பதற்குக் கொடுக்க வேண்டிய விலை ஏறினால், எச்சரிக்கையின் பலன் இறங்குகிறது. எனவே பிரட்டில் சொல்லும் ஒவ்வொரு பாதுகாப்பு அறிவித்தலோடும் இன்னொரு வாக்கியம் சேர வேண்டும்: ஆபத்தைக் கண்டு இறங்கினால் பேர் வெட்டப்படாது. அதை எழுத்தில் கொடுக்க வேண்டும். வேலையை நிறுத்தும் அதிகாரம் கங்காணிக்கும் இருக்க வேண்டும். துரையின் கைத்தொலைபேசிக்குத் தொடர்பு கிடைக்கும்வரை குளவி காத்திருக்காது.

நவீனம் எதில் இருக்கிறது

கைத்தொலைபேசி பெரிய உதவி. அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்காக டயலொக் நிறுவனமும் மொரட்டுவைப் பல்கலைக்கழகமும் மைக்ரோஇமேஜ் நிறுவனமும் உருவாக்கிய எச்சரிக்கை வலையமைப்பு 2009லேயே வந்துவிட்டது. கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாத் தொலைபேசிக்கும் ஒரே நேரத்தில் செய்தியை ஒலிபரப்பும் தொழில்நுட்பமும் இருக்கிறது. அதற்கு யாருடைய இலக்கமும் தேவையில்லை, நெரிசலிலும் சிக்காது. எழுத்து வாசிக்கச் சிரமப்படுபவருக்குத் தமிழில் குரல்செய்தி போகலாம். தோட்டத்துக் குழுவுக்கு அனுப்பிய குரல்செய்தி நிமிடத்தில் எல்லா லயத்துக்கும் போய்விடும்.

ஆனால் கேரளத்தின் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியை மறக்கக் கூடாது. 2020 ஓகஸ்ட் 6ஆம் திகதி இரவு, தமிழ்த் தேயிலைத் தொழிலாளர்களின் லயங்கள் மேல் மலை இறங்கியது. 70 பேர் மாண்டார்கள். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் இல்லாததால் வெளியுலகுக்கு விஷயம் தெரிந்தது மறுநாள் காலையில்தான். கடும் மழையில் முதலில் விழுவது கம்பமும் கோபுரமும். ஆகவே தொலைபேசிக்குப் பக்கத்தில் கோயில் ஒலிபெருக்கியும் மின்கலத்தில் ஓடும் சைரனும் கையால் அடிக்கும் தப்பும் இருந்தே ஆக வேண்டும். எந்த ஒலிக்கு எங்கே போவது என்பதை வெயில் நாளிலேயே நடந்து பழகியிருக்க வேண்டும்.

அதே கேரளத்தின் வயநாடு வேறொரு பாடம் தருகிறது. கல்பற்றாவில் இருக்கும் ஹியூம் மையம் ஊர் மக்களின் கையில் மழைமானிகளைக் கொடுத்து வலையமைப்பு நடத்துகிறது. 2024 ஜூலை 29ஆம் திகதி, மேல்மலை மழையைப் பார்த்து அது மண்சரிவு ஆபத்தை நிர்வாகத்துக்குத் தெரிவித்தது. மறுநாள் அதிகாலை முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை இறங்கி இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உள்ளூர் மழைமானி சரியாக வேலை செய்தது. அது சொன்னதை ஆட்களின் நகர்வாக மாற்றும் கடைசிப் படி அங்கேயும் விட்டுப்போனது.

ஊவாத் தோட்டங்களின் ஒவ்வொரு கணக்கிலும், அதாவது பிரிவிலும், நிறம் தீட்டிய ஓர் எளிய மழைமானியை வைக்கலாம். காலையும் மாலையும் பார்த்துப் பலகையில் எழுத ஒரு பெண்ணையும் ஓர் ஆணையும் நியமித்து, அந்த நேரத்துக்குச் சம்பளமும் கொடுக்கலாம். பிரட்டில் அறிவித்தலைச் சொன்னபின், யாராவது ஒருவரை அழைத்து, ‘இப்போது நீங்கள் எங்களுக்குச் சொல்லுங்கள், சைரன் அடித்தால் எந்தப் பாதையால் போவீர்கள்?’ என்று கேட்கலாம். மருத்துவத்தில், நோயாளிக்குச் சொன்னது புரிந்ததா என்று பார்க்க இந்த முறையைத்தான் கையாள்கிறார்கள். பதில் தடுமாறினால் சொன்னவர் இன்னொரு முறை நன்றாகச் சொல்ல வேண்டும். ஆபத்தான பகுதியில் இருக்கும் லயத்தை இடம்மாற்றுவதற்கு இவையெல்லாம் ஈடாகாது. தொழிற்பாதுகாப்பில் ஆபத்தை அகற்றுவதுதான் முதற்படி, எச்சரிப்பது அதற்குக் கீழே. மீரியபெத்தைக்கு 2005இல் தேவைப்பட்டவை புது வீடுகள். வீடு வரும்வரை உயிரோடு இருப்பதற்குத்தான் எச்சரிக்கை.

ஒரு தோட்டத்தின் பாதுகாப்புத் தகவல் முறை நவீனமானதா என்பதை அதன் கருவிகளை எண்ணித் தீர்மானிக்கக் கூடாது. பிரட்டுக்களத்தின் கடைசி வரிசையில், நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்த ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இன்றைக்கு எந்த மலையில் என்ன ஆபத்து? வந்தால் என்ன செய்வீர்கள்? இறங்கினால் பேர் விழுமா? மூன்றுக்கும் அவர் தயங்காமல் பதில் சொன்னால் தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது. சொல்ல முடியாவிட்டால், கொழும்பில் எத்தனை அறிக்கை எழுதியிருந்தாலும் அந்தத் தோட்டத்துக்கு இன்னும் யாரும் எதையும் சொல்லவில்லை.